சிஸ்கோவும் அருபாவும் கலந்த இடத்தில் ஸ்பானிங் ட்ரீ

கல்முனையிலோ காத்தான்குடியிலோ கீழ்மாடியில் சிஸ்கோ, மேல்மாடியில் அருபா என்று இரு கம்பனிகளின் நெட்வேர்க் சுவிட்சுகள் கலந்திருக்கும் அலுவலகம் புதிதல்ல. தரவு வட்டமாகச் சுற்றும் லூப்பைத் தடுக்க, மேலதிக வழியைச் சுவிட்சுகளே அடைத்து வைக்கும் முறைதான் ஸ்பானிங் ட்ரீ. சிஸ்கோ வழமையாக ஒவ்வொரு வீலானுக்கும் (சுவிட்சுக்குள் பிரித்த தனி நெட்வேர்க்) தனி ட்ரீ ஓட்டும். பொதுத்தர முறையில் ஓடும் மற்றக் கம்பனி சுவிட்சுக்கு வீலான் 1இல் வரும் பொதுத்தர பிபிடியு (ட்ரீக்காகச் சுவிட்சுகள் பரிமாறும் செய்தி) மட்டுமே விளங்கும். மிச்சத்தைச் சாதாரண மல்டிகாஸ்ட் (பலருக்கு அனுப்பும் தரவு) என்று கடத்திவிடும்.

ஆகவே எல்லாவற்றிலும் எம்எஸ்டிபி போடுங்கள். இது பல வீலான்களை ஓர் இன்ஸ்டன்ஸாக, அதாவது ஒரு ட்ரீயாகச் சேர்க்கும் பொதுத்தர ஸ்பானிங் ட்ரீ; ஒரே அமைப்புள்ள சுவிட்சுகளின் கூட்டம் ரீஜன். வேலை நேரம் முடிந்த பின், மேலதிக இணைப்பு வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குவது நல்லது. ரீஜன் பெயர், ரிவிஷன் எண், வீலான்-இன்ஸ்டன்ஸ் பட்டியல் மூன்றும் எழுத்துக்கெழுத்து ஒத்திருக்க வேண்டும். அருபா தன் மேக் முகவரியையே (சாதனத்தின் தனி வன்பொருள் எண்) ரீஜன் பெயராக வைத்திருக்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். மாற்றாவிட்டால் லூப் வராது. ஆனால் இன்ஸ்டன்ஸ் வாரியாகச் சுமையைப் பிரிக்க முடியாது.

ட்ரீயின் தலையான ரூட்டாகப் பிரையோரிட்டி எண் குறைந்த சுவிட்சே வரும். ஆகவே நடுச் சுவிட்சுக்கு பிரையோரிட்டி 4096, அதற்குப் பதிலாக நிற்கும் சுவிட்சுக்கு 8192. எல்லாம் 32768 என்றே கிடந்தால் மிகச் சிறிய மேக் முகவரியுள்ள சுவிட்ச் ரூட் ஆகும். அது பெரும்பாலும் அலுமாரி மூலையில் கிடக்கும் பழசு!

கணினி போர்ட்டுகளுக்கு எட்ஜ் (காத்திருக்காமல் உடனே இயங்கும்), பிபிடியு கார்ட் (பிபிடியு வந்தால் போர்ட்டை மூடும்) இரண்டும் போடுங்கள். கடைசியில் ஒவ்வொரு சுவிட்சிலும் இன்ஸ்டன்ஸ் 0இன் ரூட் ஐடியைப் பாருங்கள், ஒன்றாக இருக்க வேண்டும். சிஸ்கோவின் இணைப்புப் போர்ட்டில் ‘பவுண்ட்’ என்று காட்டினால் ரீஜன் இன்னும் பொருந்தவில்லை.