பாலைவன கோல்ஃப் பயணம்: முதல் முறை போகிறவர்கள் கோர்ஸ் தேர்வு செய்வது எப்படி?

கொடைக்கானலில் ஒரு வருடம் ஆடிப் பழகிய தைரியத்தில், துபாயில் இருக்கும் தம்பியிடம் "பேர் பெற்ற கோர்ஸ் ஏதாவது ஒண்ணுல டீ டைம் போட்டு வைடா" என்று, அதாவது கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் தொடங்கும் நேரத்தைப் பதிவு செய்து வைக்கச் சொல்லிவிட்டு மதுரையில் விமானம் ஏறினேன். 11வது குழிக்கு வரும்போது நான் கொண்டுபோன 15 பந்துகளும் மணலுக்குள் போயிருந்தன. தம்பி தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "விடுங்கண்ணே, பந்துதானே" என்றான். எனக்கு வருத்தம் பந்துக்காக இல்லை. பல மாதம் சேர்த்த பணமும், அவன் எனக்காகப் போட்ட ஒரு நாள் லீவும், மணலில் தேடுவதிலேயே கரைந்துவிட்டன. அந்தக் கோர்ஸில் ஒரு குறையும் இல்லை. என் ஆட்டத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு இரண்டு முறை போய் வந்துவிட்டேன். இப்போதெல்லாம் எந்தக் கோர்ஸைப் பற்றிப் படித்தாலும் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: அடி தவறினால் பந்து எங்கே போய் நிற்கும்? கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் இந்தக் கேள்விக்கு வீட்டில் உட்கார்ந்தபடியே பதில் கண்டுபிடிக்கும் வழிகள்.

படி 1: உங்கள் அடியின் உண்மையான தூரத்தை அளந்துகொள்ளுங்கள்

மதுரைக்காரர்களுக்குப் பக்கத்து கோர்ஸ் என்றால் கொடைக்கானல்தான். 1895இல் தொடங்கிய கிளப், 18 குழிகள், மேடும் பள்ளமுமாக நல்ல பச்சை. அங்கே காலையில் பத்துப் பந்து எடுத்து, உங்களிடம் உள்ள பெரிய கட்டையால் அடியுங்கள். பந்து உருண்டு போய் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டாம், அந்தரத்தில் பறந்து முதலில் தரையைத் தொடும் இடத்தைப் பாருங்கள். ஆட்டக்காரர்கள் இதைத்தான் 'கேரி' என்கிறார்கள். பத்தில் மிக நீளமானதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பத்துக்கு ஏழு முறையாவது எந்தத் தூரத்தைத் தாண்டுகிறதோ அதுதான் உங்கள் தூரம்.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மேலே காற்று அடர்த்தி குறைவு, அதனால் பந்துக்குத் தடை குறைந்து கூடுதலாகப் பறக்கும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்பது பொதுவான கணக்கு. அப்படிப் பார்த்தால் கொடையில் ஏறத்தாழ 8 சதவீதம் கூடுதலாகக் கிடைக்கிறது. துபாய் கடலோரம். கொடையில் 150 யார்டு பறக்கும் அடி அங்கே 138 யார்டு அளவுக்கு வந்துவிடும். துபாயின் இளஞ்சூட்டுக் காற்று ஓரிரு யார்டு திருப்பித் தரலாம், அதை நம்ப வேண்டாம். புது இடத்துப் பதற்றத்துக்கு இன்னும் கொஞ்சம் கழித்து, 120 யார்டு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் இந்தக் கழித்தலை நான் செய்யவே இல்லை. அந்த 15 பந்துகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று பிறகு உட்கார்ந்து யோசித்தபோது புரிந்தது.

படி 2: எந்தப் பாலைவனம்?

பாலைவன கோல்ஃப் என்றதும் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். இரண்டு பாலைவனங்களில் இரண்டு வேறு ஆட்டம் இருக்கிறது.

அமெரிக்காவின் அரிசோனாவில் தண்ணீர்ச் சட்டம் கடுமை. நிலத்தடி நீரைக் காக்க 1980இல் சட்டம் வந்தது. அதைத் தொடர்ந்து வந்த விதிகளால், ஃபீனிக்ஸ் வட்டாரத்தில் புதிதாக அமைக்கும் 18 குழிக் கோர்ஸ் சுமார் 90 ஏக்கருக்கே புல் வளர்க்கலாம் என்று ஆனது. வைகையில் எப்போது தண்ணீர் வரும் என்று பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு இதன் நியாயத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஆட்டத்தில் இதன் விளைவு பெரிது. முதல் அடி அடிக்கும் மேடையான டீ ஒரு தீவு, நடுவில் கற்றாழையும் கல்லும் கிடக்கும் வெறும் நிலம், அந்தப் பக்கம் குழியை நோக்கிப் போகும் வெட்டிய புல்வெளியான ஃபேர்வே இன்னொரு தீவு. தீவுக்குத் தீவு தாண்டித்தான் ஆட வேண்டும். படமாகப் பார்க்க அபார அழகு. புதிதாக ஆடுகிறவருக்கு அது பந்து தொலைக்கும் இடம். ஸ்காட்ஸ்டேல் பக்கத்து பெரிய கோர்ஸ்கள் பலவும் இந்த ரகம். பிள்ளைகள் ஃபீனிக்ஸில் வேலை பார்க்கிறார்கள், எப்படியும் அங்கேதான் போகப் போகிறோம் என்றால், நகராட்சி கோர்ஸான பாபகோ போன்ற அகலமான பழைய கோர்ஸில் தொடங்குங்கள்.

வளைகுடாக் கதை வேறு. அங்கே ஒரு காலத்தில் கோல்ஃப் முழுக்க மணலில்தான். குழியைச் சுற்றி வழவழப்பாக வெட்டிய புல் திட்டான கிரீனுக்குப் பதில் எண்ணெய் கலந்து இறுக்கிய மணல், அதற்கு 'பிரவுன்' என்று பெயர். ஆட்டக்காரர் கையில் ஒரு துண்டுச் செயற்கைப் புல் விரிப்பை வைத்துக்கொண்டு, அதன்மேல் பந்தை வைத்து அடிப்பார். 1988இல் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் கோர்ஸ் திறந்தபோதுதான் மத்தியக் கிழக்கில் முழுக்கப் புல் வளர்த்த முதல் பெரிய போட்டிக் கோர்ஸ் வந்தது. சுற்றிலும் வெறும் மணலாக இருந்த இடம் அது. இன்று அதைச் சுற்றிக் கோபுரங்கள் நிற்கின்றன. அன்றிலிருந்து அங்கே புல்லைத் தாராளமாக வளர்க்கிறார்கள். பல கோர்ஸ்களில் ஃபேர்வேயை விட்டு விலகினாலும் 20, 30 யார்டு வரை புல்லே இருக்கும்.

மதுரையிலிருந்து முதல் பயணம் என்றால் என் வாக்கு துபாய்க்குத்தான். நேரடி விமானத்தில் நாலு மணி நேரச் சொச்சம், ஒன்றரை மணி நேரம்தான் நேர வித்தியாசம், போய் இறங்கிய அன்றே மாலையில் ஆடலாம்.

படி 3: செயற்கைக்கோள் படத்தில் கோர்ஸை மேலிருந்து பாருங்கள்

மிக முக்கியமான படி இதுதான், நேரம் ஒதுக்கிச் செய்யுங்கள். கோர்ஸ்காரர்கள் போடும் படங்கள் எல்லாம் அந்தி வெளிச்சத்தில் எடுத்தவை, ஒவ்வொன்றும் கண்ணைப் பறிக்கும். கூகுள் வரைபடத்தில் செயற்கைக்கோள் காட்சியைத் திறந்தால் அலங்காரம் இல்லாத உண்மை தெரியும்.

கணினியில் திறந்து, ஒவ்வொரு குழியிலும் வெவ்வேறு தூரத்தில் இருக்கும் டீக்களில் எல்லாவற்றுக்கும் முன்னால், குழிக்கு அருகில் இருக்கும் டீயைக் கண்டுபிடியுங்கள். அங்கே வலது சொடுக்கில் தூரம் அளக்கும் வசதி வரும். டீயிலிருந்து அந்தப் பக்கம் புல் தொடங்கும் இடம் வரை அளந்து பாருங்கள். உங்கள் 120 யார்டுக்குள் இருந்தால் நல்லது. 18 குழியில் மூன்றுக்கு மேல் 120ஐத் தாண்டினால் அந்தக் கோர்ஸை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அடுத்து ஃபேர்வேயின் இரண்டு பக்கமும் பாருங்கள். பச்சை முடிந்ததும் மணல் தொடங்குகிறதா, வீடுகளா, தண்ணீரா? பெரும்பாலான புது ஆட்டக்காரர்களுக்குப் பந்து வலது பக்கம் வளைந்து ஓடும், இடக்கையர்களுக்கு இடது பக்கம். அந்தப் பக்கம் முழுக்க மணலாகவோ தண்ணீராகவோ இருக்கும் குழிகளை எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு கோர்ஸுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். மூன்று கோர்ஸைப் பார்த்து முடித்தால் கண் பழகிவிடும், அப்புறம் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவீர்கள்.

படி 4: ஸ்கோர்கார்டு

கோர்ஸின் தளத்தில் ஸ்கோர்கார்டு இருக்கும். அதில் ஒவ்வொரு நிற டீக்கும் 'ஸ்லோப்' என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். 55இல் தொடங்கி 155 வரை போகும் அளவு அது. 113 நடுத்தரம். எண் கூடக் கூட, தேர்ந்தவரை விடச் சாதாரண ஆட்டக்காரர் அங்கே அதிகம் திணறுவார் என்று பொருள். நீங்கள் ஆடப் போகும் டீக்கு 125க்குள் இருந்தால் துணிந்து போகலாம். மொத்த நீளம் 5,500 யார்டுக்குள் வரும் டீயைத் தேர்ந்தெடுங்கள். முன் டீ பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் மட்டும் என்று நம் ஊரில் ஒரு நினைப்பு உண்டு. அதைக் கொடையிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். கார்டில் தூரம் யார்டிலா மீட்டரிலா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். 120 மீட்டர் என்றால் 131 யார்டு.

படி 5: மாதம், நேரம்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் சீசன். கோடையில் கட்டணம் வெகுவாகக் குறையும், ஆசையாக இருக்கும். கத்திரி வெயில் பார்த்தவர்கள்தானே நாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நாலரை மணி நேரம் நிழலில்லாத திறந்த வெளியில், கடலோர ஈரப்பதத்தோடு 40 டிகிரிக்கு மேல் நிற்பது உடம்புக்கு ஆபத்து.

அக்டோபர், நவம்பர் தொடக்கத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. பாலைவன கோர்ஸ்களில் பெரும்பாலும் பெர்முடா வகைப் புல், நம் அருகம்புல்லேதான். குளிர் வந்தால் அது வளர்ச்சி நின்று நிறம் மங்கும். அதனால் சில கோர்ஸ்கள் மேலே ரை புல் விதை தூவி, முளைக்கும் வரை தண்ணீர் விட்டுக்கொண்டே இருப்பார்கள். அரிசோனாவில் இதற்காகச் சில வாரம் கோர்ஸையே மூடுவதும் உண்டு. திறந்த புதிதில் கார்ட் வண்டியைப் பாதையை விட்டு இறக்க விடமாட்டார்கள். என் இரண்டாவது பயணத்தில், பதிவு செய்து கொடுத்தவர்கள் இதைச் சொல்லவே இல்லை. ஒவ்வோர் அடிக்கும் வண்டியிலிருந்து பந்து வரை நடந்து, எந்தக் கட்டை வேண்டும் என்று தெரியாமல் திரும்பி வந்து, மறுபடி நடந்தோம். ஆகவே பதிவு செய்யும் முன் கோர்ஸுக்கே மின்னஞ்சல் போட்டு, "அந்த வாரத்தில் விதைப்பு, புல் பராமரிப்பு வேலை ஏதாவது உண்டா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் போடுவார்கள்.

மதியச் சலுகைக் கட்டணம் நல்லதுதான், ஆனால் கணக்குப் பாருங்கள். டிசம்பரில் துபாயில் மாலை ஐந்தரைக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். இரண்டு மணிக்குத் தொடங்கினால் 18 குழி முடியாது. சனி, ஞாயிறு விலையும் கூட்டமும் அதிகம். 2022 முதல் அங்கே வார விடுமுறை அந்த இரண்டு நாள்தான், பழைய வெள்ளிக்கிழமைக் கணக்கில் போகாதீர்கள்.

படி 6: வரிசை

எத்தனை கோர்ஸ் என்பதைவிட எதற்குப் பின் எது என்பதுதான் பயணத்தை நடத்தும். ஐந்து நாள் பயணத்துக்கு நான் இப்போது நண்பர்களுக்குச் சொல்லும் வரிசை இது.

முதல் நாள் மாலை துபாய் க்ரீக் கிளப்பில் இருக்கும் 9 குழி பார் 3 கோர்ஸ், அதாவது ஒவ்வொரு குழியையும் மூன்று அடியில் முடிக்க வேண்டிய கோர்ஸ். விமான நிலையத்துக்குப் பக்கம், விளக்கு உண்டு, எல்லாமே சின்னக் குழிகள். பாய்மரம் விரித்தது போன்ற அந்த கிளப் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே பத்து அடி அடித்தால் கைக்கு ஊர் பழகிவிடும். இரண்டாம் நாள், படி 3இல் தேறிய அகலமான கோர்ஸ் ஒன்றில் முழு 18. மூன்றாம் நாள் ஆட வேண்டாம். சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டு, தூங்கி எழுங்கள். நாலாம் நாள், ஆசைப்பட்ட பெரிய கோர்ஸ். 1989இல் தொடங்கிய டெசர்ட் கிளாசிக் போட்டி நடக்கும் மஜ்லிஸாக இருக்கலாம். அல்லது கிரெக் நார்மன் வடிவமைத்த ஜுமேரா கோல்ஃப் எஸ்டேட்ஸின் எர்த் கோர்ஸாக இருக்கலாம். சீசனில் மஜ்லிஸில் ஒரு சுற்றுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் ஆகும். அவ்வளவு பணத்தை முதல் நாளே, கை பழகுமுன் செலவு செய்யக் கூடாது என்பதற்காகத்தான் அதை நாலாவதாக வைக்கிறேன். இரவில் 18 குழி ஆடிப் பார்க்க ஆசையென்றால், அதே எமிரேட்ஸ் கிளப்பின் ஃபால்டோ கோர்ஸில் விளக்கொளியில் ஆடலாம்.

சில கோர்ஸ்கள் ஹேண்டிகேப் சான்று, அதாவது உங்கள் ஆட்டத் தரத்தைக் காட்டும் எண்ணுக்கான சான்று, கேட்கும். காலர் வைத்த சட்டை கட்டாயம், ஜீன்ஸ் கூடாது. கட்டைகள் அங்கேயே வாடகைக்குக் கிடைக்கும். இடக்கையர் என்றால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

படி 7: மணலில் விழுந்தால்?

எவ்வளவு பார்த்துத் தேர்ந்தெடுத்தாலும் சில பந்துகள் மணலுக்குப் போகும். அந்த மணல் எந்த வகை என்று தெரிந்திருக்க வேண்டும். ஒழுங்காக வாரி வைத்திருப்பது பங்கர். அதில் பந்துக்கு முன்னாலோ பின்னாலோ கட்டையால் மணலைத் தொடக் கூடாது. அதற்கு வெளியே பரந்து கிடக்கும் இயற்கை மணல் பொதுவாகச் சாதாரண ஆடுகளமாகவே கணக்கு, அங்கே கட்டையைத் தரையில் ஊன்றலாம். சில கோர்ஸ்கள் பாலைவனப் பகுதியையே சிவப்புக் கம்பு நட்டு அபராதப் பகுதியாக வைத்திருக்கும். 2019 விதி மாற்றத்துக்குப் பிறகு இது அனுமதிக்கப்பட்டது. புதிதாக ஆடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. ஓர் அடி அபராதத்தோடு, பந்து எல்லையைத் தாண்டிய இடத்திலிருந்து இரண்டு கட்டை நீளத்துக்குள், குழிக்கு இன்னும் நெருங்காமல், பந்தைப் புல்லில் போட்டுக்கொள்ளலாம். எந்தப் பகுதி எது என்பது ஸ்கோர்கார்டின் பின்பக்கத்தில் இருக்கும். வண்டி ஏறுமுன் படித்துவிடுங்கள், புரியாவிட்டால் முதல் டீயில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஊழியரான ஸ்டார்ட்டரிடம் கேளுங்கள்.

தேடுவதற்கு மூன்று நிமிடம்தான். அரிசோனாவில் என்றால் புதருக்குள் கையை விடவே வேண்டாம், பாம்பு உண்டு.

கடைசி மூன்று குழிகளுக்காகப் பையில் நீர்மோர் வைத்துக்கொள்கிறேன். போன தடவை தம்பி மனைவி உப்பு தூக்கலாகப் போட்டு, ஐஸ்கட்டியோடு பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். 18வது குழியில் நானும் தம்பியும் அதைக் குடித்துவிட்டு எண்ணிப் பார்த்தோம். கொண்டுபோன 15 பந்தில் 11 பையில் இருந்தது.