இதயச் செல் மாதிரிகள்: பொதுக் களஞ்சியத்தில் வகைகளைச் சேர்க்கும்போது நேரும் தவறுகள்

டென் டஸ்கரும் பான்ஃபிலோவும் 2006இல் வெளியிட்ட மனித வென்ட்ரிக்கிள் (இதயக் கீழறை) செல்லின் கணினி மாதிரிக்கு எபிகார்டியம் (எபி, இதயச் சுவரின் வெளிப்புறம்), எண்டோகார்டியம் (எண்டோ, உட்புறம்), எம் செல் (சுவரின் நடுப்பகுதி) என மூன்று வகைகள் உண்டு. எபி கோப்பை நகலெடுத்து, ஓரிரு எண்களை மாற்றி, வேறு பெயரில், மாதிரிகளைப் பகிரும் பொதுக் களஞ்சியத்தில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். பிழை அங்கேதான் நுழைகிறது.

எம் செல்லுக்கு அந்த வழி பலிக்கும்: ஐகேஎஸ் எனும் மெதுவான பொட்டாசியம் மின்னோட்டத்தின் கடத்துதிறனை 0.392இலிருந்து 0.098 ஆக்கினால் வேலை முடிந்தது. எண்டோவுக்கு அது போதாது. ஐடிஓ எனும் தற்காலிக வெளிநோக்குப் பொட்டாசியம் மின்னோட்டத்தின் கடத்துதிறன் 0.294இலிருந்து 0.073 ஆவதோடு, அதன் 'எஸ்' கேட்டின் (மின்னோட்டத்தை அடைக்கும் வாயிலின்) அரைநிலை மின்னழுத்தம், அதாவது அது பாதி திறந்திருக்கும் மின்னழுத்தம், −20 மில்லிவோல்ட்டிலிருந்து −28 ஆகிறது. அந்தக் கேட் எவ்வளவு வேகமாக மாறும் என்பதைக் காட்டும் கால மாறிலிக்குச் சூத்திரமே வேறு. கடத்துதிறனை மட்டும் மாற்றிய கோப்பும் தடையின்றி ஓடும், செல்லின் மின்னழுத்த வளைவும் பார்க்க ஒழுங்காகவே வரும். அதனால்தான் இந்தப் பிழை பல மாதங்கள் கண்ணில் படாமல் கிடக்கிறது.

நகல்கள் பெருகினால் திருத்தங்களும் சிதறும். இதே மாதிரியின் எல்-வகைக் கால்சியம் மின்னோட்டச் சமன்பாடு 15 மில்லிவோல்ட்டில் 0/0 ஆகிக் கணக்கிட முடியாமல் போகும். ஒருவர் எபி கோப்பில் அதைச் சரிசெய்வார், மற்ற இரண்டும் பழையபடியே இருக்கும். பொதுச் சமன்பாடுகளை ஒரே கோப்பில் வைத்து, வகைக்கு வகை மாறுவதை மட்டும் தனியே எழுதுங்கள். மாதிரிகளை எழுதும் மொழியான செல்எம்எல்லில் 1.1 பதிப்பு முதலே இதற்கு இம்போர்ட் (வேறு கோப்பை இணைக்கும்) வசதி உண்டு.

வகையை வெறும் எண்ணால் குறிக்காதீர்கள். மற்றொரு மனித வென்ட்ரிக்கிள் மாதிரியான ஓஹாரா–ரூடி 2011இன் நிரலில் 0 எண்டோ, 1 எபி, 2 எம். அடுத்த மாதிரியிலும் இதே வரிசைதான் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

எபியின் தொடக்க மதிப்புகளை எண்டோவுக்குக் கொடுப்பதும் தவறு. செல்லுக்குள் சோடியம், பொட்டாசியம் செறிவுகள் மெதுவாகவே நிலைபெறும். ஒவ்வொரு வகையையும் 1000 மில்லிவிநாடி இடைவெளியில் நூற்றுக்கணக்கான துடிப்புகள் ஓட்டி, நிலைபெற்ற மதிப்புகளைத் தனித்தனியே சேமியுங்கள். தூண்டல் நெறிமுறை (செல்லை எப்போது, எப்படித் தூண்டுவது என்பது) மாதிரிக் கோப்புக்குள் இருக்க வேண்டியதில்லை; அதற்கு, சோதனை ஓட்டங்களை விவரிக்கும் செட்-எம்எல் வடிவம் இருக்கிறது.

அலகுகளைச் சொல்லாமல் விடவே கூடாது. இன்னொரு இதயச் செல் மாதிரியான டிஃபிரான்செஸ்கோ–நோபிள் 1985 விநாடி, நானோஆம்பியரில் கணக்கிடுகிறது. டென் டஸ்கர் மாதிரியோ மில்லிவிநாடி, பிகோஆம்பியர்/பிகோஃபாரடில்.

ஒவ்வொரு வகையோடும் ஒப்பீட்டுக்கான ஒரு வளைவையும் ஏபிடி90 மதிப்பையும் (மின்துடிப்பு 90 சதவீதம் தணிய ஆகும் நேரம்) கமிட் செய்து (களஞ்சியத்தில் பதிந்து), எந்த மாற்றத்துக்குப் பிறகும் ஒப்பிட்டுப் பாருங்கள். கட்டுரையில் குறிப்பிட வேண்டியது கமிட் எண்ணை. தொடர்ந்து மாறிவரும் கிளையான பிராஞ்சின் பெயரைக் கொடுத்தால், அடுத்த வாரம் அதற்குள் இருப்பது வேறு மாதிரியாக இருக்கலாம்.