பழ ஈக் கரு: சமிக்ஞை குறைந்ததற்கு ஆர்என்ஏதான் காரணமா?

புரதம் செய்யாத ஒரு நீண்ட ஆர்என்ஏவின் ஜீனை நீக்கினீர்கள், கருவில் டிபிபி (முதுகுப்புறச் செல்களை உருவாக்கச் சொல்லும் புரதம்) தரும் சமிக்ஞை குறைந்தது. உடனே ஆர்என்ஏதான் காரணம் என்று எழுதிவிடாதீர்கள். நீக்கிய டிஎன்ஏ துண்டுக்குள் பக்கத்து ஜீனை இயக்கும் என்ஹான்சர் இருந்திருக்கலாம்.

முதலில் அந்த ஆர்என்ஏ எங்கே, எப்போது இருக்கிறது என்று பாருங்கள். பழச்சாறு அகர் தட்டில் கொஞ்சம் ஈஸ்ட் தடவி, 25 டிகிரியில் முட்டை சேகரியுங்கள். கருவின் சொந்த ஜீன்கள் பெரிய அளவில் இயங்கத் தொடங்குவது சுமார் 2 முதல் 3 மணி நேரத்தில்தான், அதற்கு முன் இருப்பதெல்லாம் பெரும்பாலும் தாய் போட்டுக்கொடுத்தது. ப்ளீச்சில் 2 நிமிடம் வைத்து வெளி ஓட்டை நீக்கி, நன்றாகக் கழுவி, ஹெப்டேனும் ஃபார்மால்டிஹைடும் சேர்த்து 20 நிமிடம் ஆட்டுங்கள். அப்புறம் கீழ் அடுக்கை எடுத்துவிட்டு மெத்தனால் ஊற்றி வேகமாகக் குலுக்கினால் உள்சவ்வு கழன்ற கருக்கள் அடியில் இறங்கும். மிதப்பவற்றை விட்டுவிடுங்கள்.

இன்-சிட்டுவில் (ஆர்என்ஏ இருக்கும் இடத்தைக் கருவிலேயே நிறமேற்றிக் காட்டும் முறை) சென்ஸ் புரோபை, அதாவது உங்கள் ஆர்என்ஏவின் அதே வரிசை கொண்டதால் அதில் ஒட்டாத துண்டை, வெறும் ஒப்பீட்டுக் கட்டுப்பாடாக (கன்ட்ரோல்) நினைக்க வேண்டாம், எதிர் இழையிலிருந்து வரும் ஆர்என்ஏவை அது காட்டலாம். உதாரணமாக, ஐஏபி-4 என்ற குரோமோசோம் இடத்தில் டிஎன்ஏவின் இரு இழைகளிலிருந்தும் ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது, இரண்டிலிருந்தும் மைக்ரோ ஆர்என்ஏ (வேறு ஜீன்களை அடக்கும் குட்டி ஆர்என்ஏ) வருகிறது.

சமிக்ஞையை அளக்க, டிபிபிக்கு பாஸ்போ-மேட் ஆன்டிபாடி (டிபிபி சமிக்ஞையால் பாஸ்பேட் ஏறிய மேட் புரதத்தில் ஒட்டுவது), ஈஜிஎஃப்ஆர் என்ற வேறொரு சமிக்ஞைக்கு டிபி-ஈஆர்கே (பாஸ்பேட் ஏறிய ஈஆர்கே புரதம்) ஆன்டிபாடி. முதுகுப்புற நடுக்கோட்டில் பாஸ்போ-மேட் பட்டை எத்தனை செல் அகலம் என்று எண்ணுங்கள், ஆனால் ஒரே வயதுக் கருக்களில் மட்டும், பட்டை நிமிடக் கணக்கில் மாறுகிறது. லாக்-இசட் (நிறமாகத் தெரியும் அடையாள ஜீன்) ஏந்திய பேலன்சர், அதாவது நல்ல பிரதியைச் சுமக்கும் சிறப்புக் குரோமோசோம், இருந்தால், லாக்-இசட் தெரியாத கருக்கள்தான் உங்கள் ஹோமோசைகஸ் (இரண்டு பிரதியிலும் ஜீன் நீக்கப்பட்டவை). தாயிடம் நல்ல பிரதி இருந்தால் ஆரம்பக் குறை வெளியே தெரியாமல் போகலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

சரி, இப்போது முக்கியமான வேலை. டிஎன்ஏவை அப்படியே விட்டு, ஜீனின் தொடக்கத்தில் படியெடுப்பை நிறுத்தும் வரிசையை மட்டும் செருகுங்கள். அதே குறை வந்தால், வேறொரு குரோமோசோமிலிருந்து அந்த ஆர்என்ஏவை கேல்4-யூஏஎஸ் (விரும்பிய செல்களில் ஜீனை இயக்கும் இருபகுதி அமைப்பு) வழியே கொடுங்கள். குறை சரியானால் ஆர்என்ஏ செய்கிறது என்று சொல்லலாம். சரியாகாவிட்டால், அந்த ஆர்என்ஏ பிறந்த இடத்திலேயே நின்று வேலை செய்யலாம், அல்லது படியெடுப்பு நடப்பதே போதுமானதாக இருக்கலாம்.

சரியானாலும் கொண்டாட்டம் வேண்டாம். டார்சல்-லெஸ் ஜீனின் ஆர்என்ஏ முன்பு புரதம் செய்யாததாகவே கருதப்பட்டது, 2007-இல் பார்த்தால் 11 அமினோ அமிலம் அளவுள்ள குட்டிப் பெப்டைடுகளைத்தான் அது செய்துகொண்டிருந்தது. எனவே சின்னச் சின்ன பெப்டைடுகளைத் தொடங்கிவைக்கும் ஏயுஜி குறிகளை எல்லாம் மாற்றிய பிரதியையும் கொடுத்துப் பாருங்கள், அதுவும் மீட்டெடுத்தால் மட்டுமே கட்டுரை எழுத உட்காருங்கள்.