உண்ணிக் காய்ச்சல்: பாவாடை நாடாவுக்குக் கீழே பார்த்தீர்களா?

போன கார்த்திகையில் ஒரு ராத்திரி, பக்கத்து ஊர் மருத்துவமனையில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன் செய்தார். ஒரு அம்மாவுக்கு ஆறு நாள் காய்ச்சல். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டுக்கான வைடால் சோதனை பாசிட்டிவ். செஃப்ட்ரியாக்ஸோன் என்ற ஆன்டிபயாடிக் ஊசி மூன்று நாளாக ஓடுகிறது, காய்ச்சல் இறங்கவில்லை. தட்டணு குறைகிறது, கல்லீரல் நொதிகள் ஏறுகின்றன. "அம்மாவுக்குப் பாவாடை நாடா கட்டும் இடத்தைப் பார்த்தீங்களா?" என்று கேட்டேன். பதில் வரவில்லை. அந்த மௌனம் எனக்குப் பழக்கமானது. இருபது வருஷத்துக்கு முன் என் வாயிலிருந்தும் அதேதான் வந்தது.

உண்ணிக் காய்ச்சலில் மருத்துவர்கள் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். சோதனைச் சீட்டை மாற்றி ஒட்டுவது, எடை பார்க்காமல் மருந்து எழுதுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவை தானாகத் திருந்தும்.

பெயரை நம்புவது

ஸ்க்ரப் டைபஸை நாம் உண்ணிக் காய்ச்சல் என்கிறோம். உடனே "வீட்ல நாய் இருக்கா, மாடு இருக்கா?" என்ற கேள்வி வருகிறது. இல்லை என்றதும் அந்த நோயையே அடித்துவிடுகிறோம். மாட்டின் காதில் கொழுகொழுவென்று தொங்கும் உண்ணிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதைப் பரப்புவது ஒருவகைச் சிறு பூச்சியின் குஞ்சு. கால் மில்லிமீட்டர்கூட இருக்காது, கண்ணுக்குத் தட்டுப்படாது. எலி நடமாடும் வரப்பு, கோரைப்புல், வாய்க்கால் கரை, கொல்லைப் புதர் என்று எங்கும் இருக்கும். கேட்க வேண்டியது இதுதான்: களையெடுக்கப் போனீர்களா, புல் அறுத்தீர்களா, ஒதுங்க எங்கே போகிறீர்கள்?

நாய் உண்ணியால் வரும் டைபஸ் தனி. அதில் உள்ளங்கை, உள்ளங்காலில்கூடத் தடிப்பு வரும். அதற்கும் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்தான் மருந்து.

பொருக்கைத் தேடாமல் விடுவது

இதை நினைத்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும், முதலில் என் மேலேயே.

மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். சம்பா களையெடுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். நாற்பது வயசு அம்மா, ஐந்து நாள் காய்ச்சல், தலைவலி, உடம்பு முழுக்க அடித்துப் போட்டாற்போல வலி. டைபாய்டு என்று முடிவுகட்டி ஊசி போட்டேன். மூன்றாம் நாள் மூச்சு வாங்கியது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கே உடம்பு துடைத்துவிட்ட செவிலியர்தான் பார்த்திருக்கிறார்: இடது மார்புக்குக் கீழே, சிகரெட் நுனியால் சுட்டதுபோல் கருப்புப் பொருக்கு, சுற்றிலும் சிவந்த வளையம். பிழைத்துவிட்டார். ஆனால் பதினைந்து நாள் படுக்கை. கறவை மாட்டை விற்றுத்தான் செலவைச் சமாளித்தார்கள். "அது பத்து நாளா இருந்துச்சுங்க தம்பி, வலிக்கல, அதான் சொல்லல" என்றார் பிறகு.

அந்தப் பொருக்குக்கு நான்கு விரல் தள்ளி, ரவிக்கைக்கு மேலேயே ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்தவன் நான்.

பூச்சி கால் வழியே ஏறி, துணி இறுகும் இடத்திலோ மடிப்பிலோ தங்கிக் கடிக்கிறது. கடித்த இடத்தில்தான் அந்தப் பொருக்கு வருகிறது. அதனால்தான் பாவாடை நாடா, அரைஞாண் கயிறு, தொடை இடுக்கு, அக்குள், மார்புக்கு அடியில், தொப்புள், பிட்டத்து மடிப்பு, விதைப்பை, முழங்காலுக்குப் பின்புறம் எல்லாம் பார்க்க வேண்டும். பிள்ளைகளுக்குக் காதுக்குப் பின்னாலும் தலைமுடிக்குள்ளும்கூட. "புண் இருக்கா?" என்று கேட்காதீர்கள். வலிக்காது, அரிக்காது, "இல்லை" என்றுதான் சொல்வார்கள். ஒரு செவிலியரைக் கூட வைத்துக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள். எங்கே தேடுவது என்று தெரியாவிட்டால் முதலில் நெறி கட்டியிருக்கிறதா என்று தடவுங்கள். தொடை இடுக்கில் ஒரு பக்கம் மட்டும் நெறி கட்டியிருந்தால், அந்தக் காலையும் இடுப்பையும் சுற்றித் தேடலாம்.

இன்னொன்று, வியர்த்து ஈரமாகவே இருக்கும் மடிப்பில் பொருக்கு கருப்பாக இருக்காது. மஞ்சள் படிந்த சின்னப் பள்ளம்போல் இருக்கும். சேற்றுப்புண் என்று தாண்டிப்போய்விடுவோம். அப்புறம், எங்கே தேடியும் பொருக்கே இல்லாதவர்களும் உண்டு. கிடைத்தால் நோய் ஏறக்குறைய உறுதி, கிடைக்காவிட்டால் சந்தேகம் போய்விடாது.

போன் செய்த தம்பி அரைமணி கழித்துத் திரும்பக் கூப்பிட்டார். "இருக்கு சார். தொப்புளுக்குள்ள."

வைடால் சீட்டைக் கட்டிக்கொண்டு அழுவது

1896-ல் வந்த சோதனை. நம் ஊரில் பலருக்கு ஏதாவது ஒரு எண் வரத்தான் செய்யும். அதை வைத்து மட்டும் டைபாய்டு என்று முடிவுகட்டக் கூடாது.

வெயில்-ஃபெலிக்ஸ் நெகட்டிவ், அதனால் இல்லை

இது டைபஸுக்கான பழைய ரத்தச் சோதனை. நெகட்டிவ் வந்தால் நோய் இல்லை என்று அர்த்தம் இல்லை.

ரிசல்ட் வரட்டும் என்று காத்திருப்பது

ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம் எலைசா நல்ல சோதனைதான். ஆனால் எதிர்ப்புப் பொருள் ரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். முதல் நாலு நாளில் எடுத்தால் நெகட்டிவ் வரலாம். சந்தேகம் வந்த அன்றே டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், காலை ஒன்று, ராத்திரி ஒன்று, ஏழு நாள். இந்தக் கிருமி செல்லுக்குள் குடியிருப்பது, செஃப்ட்ரியாக்ஸோன் அதை ஒன்றும் செய்யாது. டாக்ஸி கொடுத்தால் பெரும்பாலும் 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் எலிக்காய்ச்சல் உட்பட வேறு காரணங்களையும் தேடுங்கள். கர்ப்பிணிக்கு அஸித்ரோமைசின். குழந்தைக்குப் பல் கறை படியும் என்று பயந்து டாக்ஸியை நிறுத்தாதீர்கள், குறுகிய நாட்களுக்குக் கொடுக்கலாம்.

மூச்சுத்திணறல், ரத்த அழுத்தம் இறங்குதல், நினைவு தடுமாறுதல் இருந்தால் மாத்திரையோடு நிற்காதீர்கள். வேலூர் சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023-ல் வெளியானது. தீவிர நோயில் டாக்ஸியையும் அஸித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது, ஒன்றை மட்டும் கொடுப்பதைவிடப் பலன் தருகிறது என்று அது காட்டியது.

லைம் சோதனை கேட்பவர்கள்

அமெரிக்காவில் இருக்கும் மகன் போனில் சொல்லிக்கொடுத்திருப்பார். லைம் என்பது கனெக்டிகட் மாநிலத்து ஊர்ப் பெயரிலிருந்து வந்தது, அங்கே காட்டு உண்ணிகள் பரப்பும் நோய். கும்பகோணத்தைத் தாண்டாதவருக்கு அந்தச் சோதனை வெட்டிச் செலவு. மகனைப் பார்க்கப் போய்விட்டு வந்தவர் என்றால், வட்டமாகப் பரவும் சிவப்புத் தடிப்பு இருக்கிறதா என்று தோலைப் பாருங்கள். அதிலும் தொடக்கத்தில் ரத்தம் ஒன்றும் சொல்லாது. தடிப்பைப் பார்த்தே மருந்து ஆரம்பிக்க வேண்டும்.

மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் அனுப்புவது

டாக்ஸியை உணவுக்குப் பிறகு, உட்கார்ந்துகொண்டு, ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் படுக்கக் கூடாது. படுத்தபடியே விழுங்கி உணவுக்குழாய் புண்ணாகி வந்தவரைப் பார்த்திருக்கிறேன். ஏழு நாள் என்பதை வீட்டில் இன்னொருவரிடமும் சொல்லி அனுப்புங்கள். ரெண்டாம் நாளே காய்ச்சல் விட்டுவிடும், மூன்றாம் நாள் வயலுக்குப் போய்விடுவார்கள், மிச்ச மாத்திரை அலமாரியில் கிடக்கும்.