பெட்டிக்குள் பெட்டி: ரெயில்ஸ் ஆப் இரண்டுக்கு நடுவே ஒரு ஆர்டரை அனுப்புவது

சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஒரு பலகாரக் கடைக்கு, ரெயில்ஸில் (ரூபி மொழியில் வெப் ஆப் எழுத உதவும் கட்டமைப்பு) இரண்டு ஆப் எழுதிப் பராமரிக்கிறேன். ஒன்றில் வாடிக்கையாளர்கள் ஆர்டர் போடுவார்கள். மற்றது உட்லண்ட்ஸில் உள்ள சமையல்கூடத்தில் ஓடுகிறது. ஒரு ஆர்டருக்குள் பல பெட்டிகள், பெட்டிக்குள் பல பலகாரங்கள். மூன்று அடுக்கும் ஒரே ஜேசானில் (ஆப்கள் தகவலைப் பரிமாறும் எழுத்து வடிவம்) போய்ச் சேர வேண்டும்.

அனுப்பும் பக்கம் 'டு ஜேசான்' மெத்தடில் 'இன்க்ளூட்' கொடுத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் அது 'பாக்ஸஸ்' என்ற கீயை (தகவலின் பெயர்) தரும். வாங்கும் பக்கம் 'அக்செப்ட்ஸ் நெஸ்டட் ஆட்ரிப்யூட்ஸ் ஃபார்' (உள் அடுக்கையும் சேர்த்து வாங்கும் வசதி) போட்ட மாடல் (டேபிளைக் கையாளும் கிளாஸ்) தேடுவதோ 'பாக்ஸஸ் ஆட்ரிப்யூட்ஸ்' என்ற கீயை. அதனால் ஹேஷை (கீயும் மதிப்பும் சேர்ந்த தொகுப்பு) நானே கையால் கட்டுகிறேன். டேபிளின் தேவையில்லாத நெடுவரிசைகளும் வெளியே போகாது.

அடுத்தது ஸ்ட்ராங் பாராமீட்டர்ஸ்: வெளியிலிருந்து வரும் கீகளில் எவற்றை ஏற்பது என்ற பட்டியல். ஒரு தீபாவளி சீசனில் மூன்றாம் அடுக்கை மாடலில் சேர்த்துவிட்டு, கன்ட்ரோலரில் (கோரிக்கையை வாங்கும் பகுதி) 'பெர்மிட்' பட்டியலில் சேர்க்க மறந்துவிட்டேன். எரர் ஒன்றும் வரவில்லை. விடிந்ததும் சமையல்கூடத்து அண்ணன் போன் அடித்தார்: "தம்பி, பெட்டி வந்திருக்கு, உள்ளே ஒண்ணும் இல்லையே. காத்தை அடைச்சு அனுப்பவா?" பட்டியலில் இல்லாததை ரெயில்ஸ் சத்தமில்லாமல் கழித்துவிடும். டெவலப்மெண்டில் லாகில் ஒரு வரி வரும், அதை யார் பார்க்கிறார்கள்? 'ஆக்‌ஷன் ஆன் அன்பெர்மிட்டட் பாராமீட்டர்ஸ்' செட்டிங்கை 'ரெய்ஸ்' (எரர் எழுப்பு) என்று மாற்றுங்கள். டெஸ்டிலாவது.

தலைவலியே ஐடியில்தான் (டேபிள் தானாகக் கொடுக்கும் எண்). கடையில் 31ஆம் எண் பெட்டி சமையல்கூடத்தில் வேறு யாருடையதோ. அந்த ஐடியை அப்படியே அனுப்பினால், அந்த ஆர்டரின் கீழ் அப்படி ஒரு பெட்டி இல்லை என்று 'ரெக்கார்ட் நாட் ஃபவுண்ட்' வரும். சரி, ஐடியே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் பதில் வரத் தாமதமாகி டைம் அவுட் ஆனது. அனுப்பும் ஜாப் (பின்னணி வேலை) தானாக மறுபடி ஓடியது. ஐடி இல்லாத பெட்டி என்றால் ரெயில்ஸுக்குப் புதுப் பெட்டி. 6 பெட்டி 12 ஆகிவிட்டது.

இப்போது செய்வது இதுதான். கடையின் எண்ணை 'மூல எண்' என்ற தனி நெடுவரிசையில் அனுப்புகிறேன். மூன்று டேபிளிலும் அதற்கு யுனீக் இன்டெக்ஸ் (ஒரே எண் இரண்டு முறை வராமல் தடுப்பது) உண்டு. வாங்கும் பக்கம் ஆர்டரை 'ஃபைண்ட் ஆர் இனிஷியலைஸ் பை' (இருந்தால் எடு, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு) கொண்டு மூல எண்ணால் எடுக்கிறேன். பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் அதே எண்ணுள்ள உள்ளூர்ப் பெட்டி இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அதன் ஐடியை ஹேஷில் செருகிவிட்டுத்தான் சேவ். பலகாரத்துக்கும் இதே வேலை. வாடிக்கையாளர் நீக்கிய பெட்டிக்கு 'டெஸ்ட்ராய்' கொடியை ஏற்றுகிறேன். அதற்கு மாடலில் 'அலவ் டெஸ்ட்ராய்' இருக்க வேண்டும். சேவ் முழுவதும் ஒரே டிரான்ஸாக்‌ஷனில் நடப்பதால் பாதி ஆர்டர் உள்ளே போகாது.

சில்லறை விஷயம் ஒன்று: டெசிமல் விலை ஜேசானில் ஸ்ட்ரிங்காகத்தான் வரும். 12.50 வெள்ளியை ஃப்ளோட் (தோராயமாகச் சேமிக்கும் எண் வகை) ஆக்கிக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

லைவ் போகுமுன் ஒரே ஜேசானைக் கன்சோலிலிருந்து இரண்டு தடவை அனுப்பிப் பாருங்கள். பெட்டி எண்ணிக்கை மாறினால் மூல எண் எங்கோ விட்டுப்போயிருக்கிறது.