உம்கெனி முகத்துவாரத்தில் பறவைப் படம்: எதிர்வெளிச்சத்தைச் சமாளிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இருக்கும் நம்மவர்களுக்கு புளூ லகூனை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. காரை நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு காற்று வாங்கும் அந்தக் கரைக்கு எதிரேதான், உம்கெனி ஆறு கடலில் சேரும் இடத்தில், நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் இரை தேடுகின்றன. பறவைக்குக் குறைவில்லை. ஆனால் படம் எடுத்தால் வெறும் கருப்பு உருவமாக வந்து நிற்கும். கேமராவைக் குறை சொல்லும் முன் சூரியன் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

படி 1: திசையும் நேரமும்

நாம் நிற்பது தென்கரை. பறவைகள் நமக்கு வடக்கே. டர்பனில் நண்பகல் சூரியன் வருடம் முழுவதும் வடக்குப் பக்கம்தான் நிற்கும். தமிழ்நாட்டில் படம் எடுத்துப் பழகியவர்களை இது குழப்பிவிடும். அங்கே ஆண்டின் பெரும்பகுதி சூரியன் தெற்கே அல்லவா?

ஜூன், ஜூலையில் சூரியன் வடகிழக்கில் உதித்து வடமேற்கில் மறைகிறது. அதனால் நேரே வடக்கு நோக்கினால் எப்போதும் வெளிச்சம் எதிரேதான். காலையில் ஆற்றின் மேற்குப் பக்கமும் மாலையில் கடல் பக்கமும் பார்த்து எடுங்கள். டிசம்பரில் கதை வேறு. ஐந்து மணிக்கு முன்பே தென்கிழக்கில் சூரியன் உதித்துவிடும். முதல் இரண்டு மணி நேரம் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வந்து பறவை மேல் விழும். அதற்காகத் தூக்கத்தை விடலாம்.

கடல் வற்றும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். சேற்றுத்திட்டு வெளியே தெரிந்தால்தான் பறவைகள் கூடும். இந்த நேரம் நாளுக்கு ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். விலை உயர்ந்த லென்ஸோடு தனியாக மட்டும் போகாதீர்கள்.

படி 2: கேமரா அமைப்பு

ரா கோப்பாக (சென்சார் பதிவு செய்த தரவை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுங்கள். வழக்கமான படக் கோப்பான ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 வெளிச்ச நிலைகள்தான். 14 பிட் ராவில் 16,384. நிழலில் மறைந்த இறகை வெளியே கொண்டுவர இந்த வித்தியாசம்தான் உதவும். மேனுவல் மோடில் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் துளை) முழுதாகத் திறந்து, ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன்) ஆட்டோவில் விடுங்கள். ஷட்டர் வேகம், உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/2000 நொடி. ஃபோகஸ் கண்ணில் இருக்கட்டும்.

படி 3: வெளிச்சத்தைப் பறவைக்காக அளப்பது

இந்தப் படியில் பொறுமையாக இருங்கள். காட்சி முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் கேமரா பார்க்கும். அதற்குப் பறவை எது, பின்னணி எது என்று தெரியாது. கருத்த அலையாத்தி மரங்களுக்கு முன்னால் வெள்ளைக் கொக்கு நின்றால், மரத்தைப் பார்த்துப் படத்தை வெளுப்பாக்கிவிடும். கொக்கின் இறகு வெறும் வெள்ளைத் தாளாகிவிடும். கேமரா அளந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை -1க்கு இறக்குங்கள். பளபளக்கும் தண்ணீருக்கு முன்னால் நீர்க்காகம் என்றால் நேர் எதிர்: +1 முதல் +1.7 வரை ஏற்றுங்கள். பின்னணி வெளுத்தாலும் பரவாயில்லை, பறவை தெரிய வேண்டும்.

கருப்பு வெள்ளை மீன்கொத்தியிடம் இரண்டு சிக்கலும் ஒன்றாக வரும். அங்கே வெள்ளையைக் காப்பாற்றுங்கள். கருப்பைப் பிறகு ஓரளவு தூக்கலாம்; முழுக்க வெளுத்துப்போன வெள்ளையை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கேமராவில் வெளுத்த இடம் மின்னும் எச்சரிக்கையை இயக்கி வையுங்கள். மார்பு மின்னினால் இன்னும் கொஞ்சம் இறக்குங்கள்.

ஈரச் சேறும் ஆழமில்லாத தண்ணீரும் வெளிச்சத்தைக் கீழிருந்து திருப்பி அனுப்பும். தாழப் பறக்கும் பறவையின் வயிறும் இறக்கையின் அடிப்பக்கமும் அதில் அழகாகத் தெளியும். காத்திருந்து எடுக்க வேண்டிய படம் அது.

சூரியன் நேர் எதிரே இருந்தால், அப்புறம் போராட வேண்டாம். -2க்கு இறக்கி நிழலுருவமாகவே எடுங்கள். வளைந்த அலகுள்ள அரிவாள்மூக்கன் பக்கவாட்டில் திரும்பும்போது அழுத்துங்கள்.

நண்பகலில் சூடான காற்று அலைபாயும். தூரத்துப் பறவை மங்கலாகவே வரும். அப்போது டர்பனின் கிளென்வுட் பகுதியில் உள்ள பிஜன் வேலி காட்டுக்குப் போகலாம். குளிர்காலத்தில் அங்கே மார்பில் புள்ளியுள்ள தரைப் பூங்குருவி வரும். மர நிழல் இருட்டு என்பதால், அது அசையாமல் நிற்கும்போது ஷட்டர் வேகம் 1/125 போதும்.

படி 4: வீட்டில் திருத்துவது

படம் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் இல்லையென்றால், அதுபோன்ற டார்க்டேபிள் இலவசம். வரிசை முக்கியம். முதலில் நிறச் சமநிலை: மர நிழலில் எடுத்தது பச்சையடித்திருக்கும், கொக்கின் வெள்ளையை வைத்துச் சரிசெய்யுங்கள். பிறகு ஹைலைட்ஸைக் (வெளிச்சமான பகுதிகள்) குறையுங்கள். ஷேடோஸை (நிழலான பகுதிகள்) மொத்தப் படத்துக்கும் ஏற்றினால் பின்னணியும் சாயம்போனதுபோல ஆகிவிடும், அதனால் மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் வசதி) வைத்துப் பறவையை மட்டும் தூக்குங்கள். நிழலைத் தூக்கினால் புள்ளி இரைச்சல் மேலே வரும். அதைக் குறைத்த பிறகே ஷார்ப்பனிங், அதுவும் பறவைக்கு மட்டும்.

நீர்க்காகத்தின் கருப்பு கருப்பாகவே இருக்கட்டும். இறகு வரி தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஏற்றினால் அந்தப் பறவைக்கே இல்லாத சாம்பல் நிறம் வந்துவிடும்.

கடைசியாக, பறவை பார்க்கும் பக்கம் அதிக இடம் விட்டு கிராப் செய்து, நீளப் பக்கம் 2048 பிக்சல், எஸ்ஆர்ஜிபி நிறவெளியில் (பெரும்பாலான திரைகளுக்குப் பொதுவான நிற அளவுகோல்) ஏற்றுமதி செய்யுங்கள். ரா கோப்பை அழிக்க வேண்டாம்.