திவாலுக்குப் பிறகு: பத்து வருஷம் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள்

2021 ஜூலைக் கலவரத்தில் கடை போனவர்கள், 2022 ஏப்ரல் வெள்ளத்தில் பட்டறை மூழ்கியவர்கள் என்று டர்பனிலும் சுற்றுவட்டாரத்திலும் நொடித்துப் போன நம்மவர்கள் பலர். அவர்களில் சிலர் ஹைகோர்ட்டுக்குப் போய் மஞ்சள் கடுதாசி கொடுத்தார்கள். தென்னாப்பிரிக்கச் சட்டத்தில் அதற்கு சீக்வெஸ்ட்ரேஷன் என்று பெயர். அப்படிக் கொடுத்தவர்களுக்கு நான்கு வருஷம் நிறைகிற காலம் இது. சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கத்திலிருந்து கோப்பைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நானும் அந்த வழியாக வந்தவன்தான், அதனால் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்க்கிறேன். எங்கள் காலத்தில் திவாலானவர்கள் எங்கெங்கே தடுக்கி விழுந்தோமோ, இவர்களும் அங்கேயே விழுகிறார்கள்.

வரவுக்கு மேல் செலவு செய்யாதே, பில்லை நேரத்துக்குக் கட்டு என்பதையெல்லாம் நான் இங்கே எழுதப் போவதில்லை. அடிபட்டவர்களுக்கு அது நன்றாகவே தெரியும். தெரியாமல் செய்வதைத்தான் சொல்ல வேண்டும்.

"பத்து வருஷத்தில் தானாகவே சரியாகிவிடும்"

எத்தனை தடவை கேட்டாலும் எனக்கு மனம் ஆறாத பேச்சு இது.

சட்டத்தில் அப்படி ஒரு வழி இருப்பது உண்மைதான். 1936ஆம் ஆண்டின் இன்சால்வென்சி சட்டப்படி, திவால் ஆணை வந்து 10 ஆண்டு கடந்தால், இடையில் யாரும் கோர்ட்டுக்குப் போய்த் தடுக்காத வரை, ஒருவர் மீண்டவராகவே கருதப்படுவார். வக்கீல் செலவு இல்லை, கோர்ட் படி ஏற வேண்டியதில்லை. அதனால்தான் எல்லோருக்கும் அது வசதியாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பத்து வருஷமும் நீங்கள் திவாலானவர்தான். கம்பெனியில் டைரக்டராக இருக்க முடியாது. கடை வைத்து வியாபாரம் செய்ய வேண்டுமானால், உங்கள் சொத்தைப் பொறுப்பேற்று நடத்தும் டிரஸ்டியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். சம்பளத்தில்கூட, குடும்பம் நடத்தத் தேவையானது போக மிஞ்சுகிறது என்று, திவால் விவகாரங்களை மேற்பார்க்கும் ஹைகோர்ட் மாஸ்டர் அலுவலகம் கணித்தால் அந்தப் பங்கை டிரஸ்டி கேட்கலாம். இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. சம்பளம், பென்ஷன் போன்ற சில விலக்குகள் தவிர, அந்தக் காலத்தில் உங்கள் கைக்கு வருகிற சொத்து உங்களுக்குச் சேராது. டிரஸ்டியின் கைக்குப் போகும். அதில் பரம்பரைச் சொத்தும் அடக்கம்.

ஃபீனிக்ஸில் கேட், ஜன்னல் கம்பி செய்யும் பட்டறை வைத்திருந்த ஓர் அண்ணன். பட்டறை போனதும் திவாலாகி, அப்புறம் ஒரு தொழிற்சாலையில் நல்ல வேலையில் சேர்ந்தார். பத்து வருஷம் காத்திராமல், திவாலிலிருந்து மீட்கும் ரிஹாபிலிடேஷன் ஆணையைக் கோர்ட்டில் கேட்டு வாங்கலாம் என்பதால், ஐந்தாவது வருஷத்தில் நான் சொன்னேன்: "அண்ணா, விண்ணப்பம் போட்டுவிடுங்கள்." "இன்னும் அஞ்சு வருஷம்தானே தம்பி, ஓடிப் போயிடும்" என்றார். ஏழாவது வருஷம் அம்மா காலமானார். சாட்ஸ்வொர்த்தில் அப்பா வேர்வை சிந்திக் கட்டிய வீட்டை மகனுக்கும் மகளுக்கும் சரிபாதி என்று உயிலில் எழுதி வைத்திருந்தார். கருமாதி முடிந்து, தனக்கு வந்த பங்கை ஏற்றுக்கொள்வதாக அண்ணன் கையெழுத்தும் போட்டுவிட்டார். அந்தப் பாதி நேராக டிரஸ்டிக்குப் போனது. வீட்டை விற்காமல் இருக்க வேண்டுமானால் அந்தப் பாதியை அக்கா விலை கொடுத்து வாங்க வேண்டும் என்றாகிவிட்டது. ஒரு பைசா கடன் இல்லாமல் வாழ்ந்த அந்த அக்கா, தம்பியின் பழைய கடன்காரர்களுக்காக லோன் எடுத்து, இன்னமும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

ஐந்தாவது வருஷமே விண்ணப்பம் போட்டிருந்தால் அந்த வீடு முழுசாக அவர்களிடம் இருந்திருக்கும். அப்புறம் ரிஹாபிலிடேஷன் ஆணை வாங்கினாலும், டிரஸ்டியிடம் போன சொத்து திரும்பி வராது. அதையும் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

வழி இல்லாமலும் இல்லை. திவாலில் இருக்கும் பிள்ளைக்கு நேராக எழுதாமல் பேரப்பிள்ளைகளுக்கு எழுதும்படி பெற்றோர் உயிலை மாற்றி வைக்கலாம். வீட்டில் இந்தப் பேச்சை எடுப்பது சங்கடம்தான், "அம்மா சாகட்டும் என்று காத்திருக்கிறானா" என்று யாராவது கேட்பார்கள். கேட்டால் கேட்கட்டும், பேசியே ஆக வேண்டும். உயில் மாற்றாமலே பெற்றோர் போய்விட்டால், வாரிசு அந்தப் பங்கை வேண்டாம் என்று மறுக்கலாம். திவாலானவருக்கும் அந்த உரிமை உண்டு என்று 2000ஆம் ஆண்டில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. மறுத்தால், உயிலில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, அந்தப் பங்கு பொதுவாக மறுத்தவரின் பிள்ளைகளுக்குப் போகும். அண்ணன் செய்திருக்க வேண்டியது அதைத்தான். ஏற்பதாகக் கையெழுத்துப் போட்ட பிறகு மறுக்க முடியாது. அதனால் சாவு வீட்டில் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் வக்கீலைப் பாருங்கள்.

சரி, எப்போது விண்ணப்பிக்கலாம்? சொத்தை விற்றுப் பிரித்ததற்கு டிரஸ்டி கொடுக்கும் முதல் கணக்கை மாஸ்டர் உறுதி செய்து 12 மாதம் ஆக வேண்டும். முன்பே ஒரு தடவை திவாலாகியிருந்தால் 3 ஆண்டு, திவால் தொடர்பான மோசடிக் குற்றத்தில் தண்டனை பெற்றிருந்தால் அந்தத் தண்டனைத் தேதியிலிருந்து 5 ஆண்டு. இந்த மூன்று வகையிலும், திவால் ஆணை வந்து 4 ஆண்டுக்குள் கேட்டால் மாஸ்டரின் பரிந்துரை இல்லாமல் கோர்ட் கொடுக்காது. எந்தக் கடன்காரரும் உரிமை கோரி நிரூபிக்கவில்லை என்றால் 6 மாதத்திலேயே கேட்கலாம். கடன்காரர்களோடு ராண்டுக்கு 50 சென்ட்டாவது கொடுத்து உடன்பாடு செய்துகொண்டவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வழக்கமான வழியில் போகிறவர்கள் அரசிதழில் 6 வாரத்துக்கு முன்பே அறிவிப்புக் கொடுக்க வேண்டும், டிரஸ்டிக்கும் மாஸ்டருக்கும் தெரிவிக்க வேண்டும், கோர்ட்டில் 500 ராண்ட் பிணைத்தொகை கட்ட வேண்டும். சொத்து, வருமானம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சத்தியப் பத்திரத்தில் எழுத வேண்டும். நம் பகுதிக்கு பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலும் டர்பனிலும் ஹைகோர்ட் இருக்கிறது, மாஸ்டர் அலுவலகமும் இருக்கிறது. முதல் கணக்கு உறுதியான தேதியை அங்கே கேட்டு வாங்கி வையுங்கள். பலருக்கு அந்தத் தேதி தெரியாததால்தான் வருஷங்கள் வீணாகின்றன.

ஆணையை அலமாரியில் பூட்டி வைப்பது

கோர்ட் ஆணை வந்ததும் பூஜை அறையில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, எல்லாம் முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். யார் கடனை எப்படிக் கட்டினார் என்று குறித்து வைக்கும் கிரெடிட் பீரோக்களின் பதிவு நீங்கள் நினைத்த வேகத்தில் தானாக மாறிவிடாது. டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்டிஎஸ் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பதிவு வைத்திருக்கிறது. ஒவ்வொன்றிடமிருந்தும் வருஷத்துக்கு ஒரு முறை உங்கள் அறிக்கையை இலவசமாக வாங்கலாம். வாங்கி, வரிவரியாகப் படியுங்கள். திவாலோடு தீர்ந்துபோன பழைய கணக்குகள் இன்னும் பாக்கி என்று காட்டிக்கொண்டிருக்கும். ஆணையின் சான்றிட்ட நகலை இணைத்து, தவறு என்று எழுதிக் கொடுத்தால் பீரோ 20 வேலை நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆதாரம் காட்ட முடியாவிட்டால் அந்தப் பதிவை நீக்க வேண்டும். அப்படியும் நடக்கவில்லை என்றால் நேஷனல் ஃபைனான்ஷியல் ஆம்பட் என்ற அமைப்பில் புகார் கொடுக்கலாம். பழைய கிரெடிட் ஆம்பட் 2024 மார்ச்சிலிருந்து அதில்தான் சேர்ந்திருக்கிறது. கட்டணம் கிடையாது.

ரிஹாபிலிடேஷன் ஆணை என்ற பதிவே 5 ஆண்டு அறிக்கையில் இருக்கும். அதைப் பார்த்து மிரளாதீர்கள், அது சட்டப்படி இருப்பது. அதை அழித்துத் தருகிறேன் என்று எவராவது சொன்னால் அவர் பொய் சொல்கிறார்.

காசு வாங்கிக்கொண்டு பெயரைச் சுத்தம் செய்பவர்கள்

கொடுக்காதீர்கள். மேலே சொன்ன எல்லாவற்றையும் நீங்களே செய்யலாம்.

டெட் கவுன்சலரிடம் போய் கிளியரன்ஸ் சான்றிதழ் கேட்பது

அந்தச் சான்றிதழ் டெட் ரிவ்யூவில், அதாவது திவாலாகாமல் கவுன்சலர் மூலம் தவணைகளை மாற்றியமைத்துக் கடனைக் கட்டும் முறையில், இருந்தவர்களுக்கு. திவாலானவருக்குத் தேவை கோர்ட் ஆணை.

பழைய கடனுக்கு வரும் போன்

ஆணை வந்த பிறகும் வசூல்காரர்கள் கூப்பிடுவார்கள். "மாசம் 200 ராண்டாவது போடுங்க, உங்க பெயர் நல்லாகும்" என்பார்கள். மானத்துக்குப் பயந்து நம்மவர்கள் போடுகிறார்கள். திவாலுக்கு முன் ஏற்பட்ட கடன், மோசடியால் வந்தது அல்லாமல் இருந்தால், ரிஹாபிலிடேஷனோடு தீர்ந்தது. அதைக் கட்டுவதால் உங்கள் ஸ்கோர் ஒரு புள்ளிகூட ஏறாது. ஆணையின் நகலை அனுப்பி, எழுத்தில் பதில் கேளுங்கள். போனில் எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

இதில் மனம் நோகிற ஒரு பக்கம் உண்டு. உங்களுக்காக ஜாமீன் போட்ட தம்பியோ மச்சானோ உங்கள் ஆணையால் விடுபடுவதில்லை. கடன்காரர் அவர்களைக் கேட்கலாம். கையில் நாலு காசு சேர்ந்தால் முகம் தெரியாத வசூல் கம்பெனிக்குப் போடாமல், உங்களுக்காக அடி வாங்குகிற அந்த மனிதருக்குக் கொடுங்கள் என்றே நான் எல்லோரிடமும் சொல்கிறேன். சட்டம் அதைக் கேட்கவில்லை, ஆனால் உறவு கேட்கிறது.

ஆணை வருமுன் மறைத்துக் கடன் வாங்குவது

குற்றம். திவாலானவர் என்று முன்கூட்டியே சொல்லித்தான் கடன் கேட்க வேண்டும்.

மனைவி பெயரில் வாங்கிக்கொள்ளலாம் என்ற யோசனை

இருவர் சொத்தும் ஒன்று என்ற முறையில் கல்யாணம் பதிவாகியிருந்தால் அவரும் திவாலானவர்தான்.

கணக்கே வேண்டாம் என்று ரொக்கத்தில் வாழ்வது

பட்ட அவமானத்தில் வங்கிப் பக்கமே போகாமல் இருப்பவர்கள் உண்டு. சம்பளத்தைக் கையில் வாங்கி, சீட்டுப் போட்டு, அவசரத்துக்கு மஷோனிசாவிடம், அதாவது தெருவோரக் கந்துவட்டிக்காரரிடம், வட்டிக்கு வாங்கி ஓட்டுகிறார்கள். மஷோனிசா வங்கி அட்டையையும் அடையாள அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்வது சட்டவிரோதம், அதை நேராகவே சொல்லித் திரும்பக் கேளுங்கள். ஓவர்டிராஃப்ட் இல்லாத சாதாரணக் கணக்கு திவாலில் இருக்கும்போதே திறக்கலாம். நீங்கள் பாக்கி வைக்காத வங்கியாகப் பார்த்துத் திறப்பது நிம்மதி. பின்னாளில் கடன் கேட்கும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டோ, சம்பளம் விழுந்த வங்கி அறிக்கையோ கேட்பார்கள். ரொக்கத்தில் வாழ்ந்தவரிடம் காட்ட ஒன்றும் இருக்காது.

கணக்கு திறந்ததும், கணக்கிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிக்கும் டெபிட் ஆர்டரின் தேதியைக் கவனியுங்கள். சம்பளம் 25ஆம் தேதி, இன்சூரன்ஸ் பிடிப்பு 23ஆம் தேதி என்றால் மாதாமாதம் திரும்பும், அபராதமும் விழும், அறிக்கையிலும் அசிங்கமாக நிற்கும். டெபிசெக் முறையில் போனில் ஒப்புதல் கேட்டு வரும்போது தொகையையும் தேதியையும் படித்துப் பார்த்து ஒப்புக்கொள்ளுங்கள்.

இன்னொருவருக்கு ஜாமீன்

வேண்டாம். மகனுக்கும் வேண்டாம்.

ஒரே வாரத்தில் ஊரெல்லாம் விண்ணப்பிப்பது

ஆணை கைக்கு வந்த சந்தோஷத்தில் துணிக்கடை, மொபைல் கம்பெனி, கார் ஃபைனான்ஸ், வங்கி என்று எல்லா இடத்திலும் கேட்டுவிடுகிறார்கள். ஒவ்வொரு விசாரணையும் அறிக்கையில் பதிவாகும். அடுத்துப் பார்க்கிறவருக்கு இந்த ஆள் பணத்துக்குத் தவிக்கிறார் என்றே படும். முதலில் சின்னதாக ஒரே ஒரு துணிக்கடைக் கணக்கு எடுத்து, கொஞ்சமாக வாங்கி, ஒவ்வொரு மாதமும் முழுசாகக் கட்டுங்கள். ஒரு வருஷம் ஒழுங்காகப் போன பிறகு அடுத்ததை யோசிக்கலாம். வீட்டுக் கடன் நினைப்பு இருந்தால் இப்போதிலிருந்தே முன்பணம் சேருங்கள்.

எங்காவது மறுத்தால் தலையைக் குனிந்துகொண்டு வெளியே வராதீர்கள். மறுத்ததற்கு முக்கியக் காரணம் என்ன என்று எழுத்தில் கேட்க 2005ஆம் ஆண்டின் நேஷனல் கிரெடிட் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. பீரோ அறிக்கைதான் காரணம் என்றால், எந்த பீரோ என்று பெயரும் முகவரியும் அவர்கள் தந்தாக வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு அந்த பீரோவிடம் போய்ப் பதிவைச் சரிசெய்யுங்கள். அது வரை அடுத்த கடைக்கு விண்ணப்பம் போடாதீர்கள்.